மூக்கு உயர்ந்தால் குண்டு தாழும்

(பி.எஸ்ஸி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

தை மாதம் முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். சல்லிக்கட்டுக்கு இப்படியொரு வரிசை உண்டு என்பதை மதுரை மாவட்டத்தில் அறியாதார் இலர். மூன்றாம் நாளன்று எங்கள் ஊருக்கு வருவோர் காளைகளைக் காண வருகிறார்கள். எங்கள் வீட்டாருக்கோ அது கடை போடும் நாள். வாடிவாசலுக்குச் செல்லும் வழியில், கரும்புச்சாறு வண்டிக்கும் வளையல் கடைக்கும் நடுவே, என் தந்தையார் பலூன் சுடும் கடை வைப்பார். சித்திரையில் வைகைக் கரை, ஆடியில் அழகர்கோவில், தையில் சொந்த ஊர் என்று, அந்தப் பலகையும் இரண்டு காற்றுத் துப்பாக்கிகளுமே என்னை இக்கல்லூரி வரை கொண்டுவந்து சேர்த்தன.

அத்துப்பாக்கிகளில் ஒன்றை நான் பாழாக்கினேன். அதிலிருந்து நான் கற்ற பாடத்தையும், அப்பாடம் உலகத்து ரிவால்வர்களில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு துப்பாக்கிகளில் பழையது சற்றுத் தூக்கி அடிக்கும். பலூனுக்கு அது பெரிய குறையன்று. ஆனால் பலகையின் நடுவில் நூலில் ஒரு சோடா மூடி தொங்கும். அதை அடிப்பவருக்குப் பரிசு உண்டு. அதற்குக் குறி பார்ப்பவரிடமெல்லாம் அப்பா, “கொஞ்சம் கீழே புடிங்க தம்பி, துப்பாக்கி லேசாத் தூக்கி அடிக்கும்” என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். தன் கடையின் குறையைத் தானே சொல்லி விற்கும் வியாபாரி அவர்.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, தை இரண்டாம் நாள் இரவு, அந்தக் குறையைப் போக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். குழலின் நுனியில் நிற்கும் சிறிய இரும்புத் தகட்டை எங்கள் கடையில் ‘மூக்கு’ என்போம். குண்டு மேலே போகிறதென்றால் மூக்கு உயரமாக இருக்கிறது என்றுதானே பொருள்? அரத்தை எடுத்தேன். இரண்டு மில்லிமீட்டர் தேய்த்தேன். அயலார் உறங்கும் நேரம் என்பதால் சுட்டுப் பார்க்கவில்லை. இயற்பியல் மாணவன் என்ற பெருமிதத்துடன் படுத்துறங்கினேன்.

மறுநாள் முற்பகலில் கடைமுன் நல்ல கூட்டம். தோளில் குழந்தையுடன் நின்ற ஒருவர் பத்துக் குண்டு சுட்டார். ஒரு பலூன்கூட உடையவில்லை. அடுத்தவருக்கும் அவ்வாறே. மூன்றாமவர் துப்பாக்கியைப் பலகைமேல் போட்டார். “குறியை வளைச்சு வச்சுக்கிட்டு ஏமாத்துறாங்கப்பா” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா துப்பாக்கியை வாங்கி, சோடா மூடியைப் பார்த்து மூன்று முறை சுட்டார். மூன்றும் மேலே சென்றன. அவர் துப்பாக்கியைத் திருப்பி மூக்கைப் பார்த்தார். அரம் பட்ட இடம் புது வெள்ளியாய் மின்னிற்று. பிறகு என்னைப் பார்த்தார்.

சுட்டவர்களுக்கெல்லாம் காசைத் திருப்பிக் கொடுத்தார். ஆண்டிலேயே நல்ல வியாபாரம் நடக்கும் நாளில், பிற்பகல் இரண்டு மணிக்குக் கடையைக் கட்டினார். இரவு சாப்பிடும்போது மட்டும், “தெரியாமத்தான் செஞ்சிருக்கே, சரி. ஆனா சுட்டுப் பாத்துட்டு அறுத்திருக்கலாமுல்ல?” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரு குறிகளும் ஒரு கோடும்

என் பிழை எங்கே என்பதை அறிய ஓர் எளிய சோதனை போதும். ஓர் அடிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளிலும் ஒரே உயரமுள்ள தீக்குச்சித் துண்டுகளை மெழுகால் நிறுத்துங்கள். கண்ணுக்கு அருகில் இருப்பது பின்குறி; தொலைவில் இருப்பது முன்குறி. இரண்டின் தலைகளும் சுவரிலுள்ள ஒரு புள்ளியும் ஒரே கோட்டில் தெரியுமாறு கோலைப் பிடியுங்கள். கோல் அந்தக் கோட்டுக்கு இணையாக நிற்கும். இப்போது முன்னாலுள்ள துண்டை எடுத்துவிட்டு அதைவிட நீளமான ஒன்றை நிறுத்தி, மீண்டும் அதே புள்ளியைக் குறி பாருங்கள். முன்துண்டின் தலையைப் பழைய கோட்டுக்குக் கொண்டுவர, கோலின் முன்முனையைத் தாழ்த்தியே ஆகவேண்டும். துண்டு குட்டையானால் முன்முனையை உயர்த்த வேண்டும்.

கோலுக்குப் பதில் குழல் என்று வைத்துக்கொண்டால் விடை கிடைத்துவிடும். முன்குறி உயர்ந்தால் குழல் தாழும்; குண்டும் தாழும். முன்குறி குறைந்தால் குண்டு உயரும். பக்கவாட்டிலும் இதே கதைதான். முன்குறியை வலப்புறம் நகர்த்தினால் குண்டு இடப்புறம் செல்லும். பின்குறியோ குண்டு போகவேண்டிய திசையிலேயே நகர்வது. நினைவில் வைக்க ஒரு வாய்பாடு சொல்கிறேன்: பின்குறி குண்டுக்குத் தோழன், முன்குறி குண்டுக்கு எதிரி. தூக்கி அடித்த துப்பாக்கியின் மூக்கை நான் அறுத்தது, எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதையாயிற்று.

எவ்வளவு மாறும் என்பதையும் கணக்கிடலாம். முன்குறியின் உயர மாற்றத்தை இலக்கின் தூரத்தால் பெருக்கி, இரு குறிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தால் வகுத்தால் குண்டு எவ்வளவு இடம் மாறும் என்பது தெரியும். எங்கள் துப்பாக்கியில் குறிகளின் இடைவெளி 450 மி.மீ.; பலகை நிற்பது 4 மீட்டரில். எனவே ஒரு மி.மீ. தேய்த்தால் குண்டு 9 மி.மீ. உயரும். ஏற்கெனவே 10 மி.மீ. தூக்கி அடித்ததுடன் என் கைங்கரியம் 18 மி.மீ. சேர, மொத்தம் 28 மி.மீ. சோடா மூடியின் ஆரமோ ஒன்றரைச் சென்டிமீட்டர்தான். நாங்கள் ஊதும் சிறு பலூனின் ஆரம் நான்கு சென்டிமீட்டர். சற்றே கை நடுங்கினாலும் குண்டு பலூனுக்கு மேலே போய்விடும். வந்தவர்கள் குறி தவறவில்லை. அவர்களைத் தவற வைத்தது நான்.

பட்டறையில் கேட்டது

வளர்ந்த மூக்கை வெட்டலாம். வெட்டிய மூக்கை வளர்க்க முடியாது. பின்குறியை ஏற்றி இறக்கும் திருகோ, நான் பிறப்பதற்கு முன்பே துருப்பிடித்து இறுகிவிட்டதாம். ஆகவே துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மதுரையில் ஒரு பட்டறைக்குச் சென்றேன். அதன் உரிமையாளர் இராணுவத்தில் ஆயுதங்களைச் செப்பனிடும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். கதையைக் கேட்டு அவர் சிரித்தார். “நீ மட்டுமில்லப்பா, உலகத்துல எல்லாரும் இதைச் செஞ்சிருக்காங்க. அதனாலதான் கழட்டி மாட்டுற குறி வந்துச்சு” என்றார்.

அவர் முதலில் எடுத்துக்காட்டியது .303 துப்பாக்கியை. வங்காளத்து ஈஷாப்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, நம் நாட்டுப் படையினரிடமும் காவல்துறையினரிடமும் பல பத்தாண்டுகள் புழங்கிய லீ என்ஃபீல்டு அது. அதன் முன்குறித் தகடு குழலுடன் ஒட்டியதன்று. அடி அகன்று மேல் குறுகிய காடியில் பக்கவாட்டாகச் செருகப்பட்டது. தச்சர்கள் புறாவால் மூட்டு என்பார்களே, அதே வகை. தகடுகள் 0.015 அங்குல வேறுபாட்டில் பல உயரங்களில் கிடைத்தன. தூக்கி அடிக்கும் துப்பாக்கிக்கு உயரமான தகடு. தாழ்த்தி அடிப்பதற்குக் குட்டைத் தகடு. ஒரு படி மாற்றினால் 100 கஜத்தில் குண்டு ஏறத்தாழ மூன்று அங்குலம் இடம் மாறும். அரத்துக்கு அங்கே வேலையே இல்லை.

“ரிவால்வர்ல இது இன்னும் முக்கியம். அதைப் படிச்சுப் பாரு” என்று அவர் சொன்னதே என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

ஒற்றைச் செயல் ரிவால்வர்

ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ (1972) போன்ற குதிரைவீரர் படங்களையும், பிற்காலத்தில் வந்த ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ (2010) படத்தையும் பார்த்தவர்கள், இடுப்பில் தொங்கும் நீண்ட ரிவால்வரை மறந்திருக்க மாட்டார்கள். அவ்வகையின் மூலவர் அமெரிக்காவில் 1873-இல் வெளிவந்த கோல்ட் ரிவால்வர். அதன் விசைக்கு ஒரே வேலைதான்: பின்னிழுத்து நிறுத்தப்பட்ட சுத்தியலை விடுவிப்பது. சுத்தியலைப் பின்னிழுப்பதும், அதனுடன் ஆறு அறை உருளையைச் சுழற்றுவதும் கட்டைவிரலின் வேலை. ஒவ்வொரு முறையும் இப்படிக் கையால் இழுக்க வேண்டியிருப்பதால் அதனை ஒற்றைச் செயல் ரிவால்வர் என்பர். விசையை அழுத்தினாலே சுத்தியலும் பின்வாங்கி அடிக்குமானால் அது இரட்டைச் செயல். கான்பூரில் செய்யப்படும் .32 ரிவால்வர் இவ்விரண்டாம் இனத்தது.

கோல்ட் ரிவால்வரின் பின்குறி, சட்டத்தின் மேற்பகுதியில் வெட்டிய ஒரு பள்ளம். அதை நகர்த்த முடியாது. முன்குறி, குழலின் நுனியில் நிலையாகப் பதித்த அரைவட்டத் தகடு. அதையும் நகர்த்த முடியாது. குதிரைமேல் போகிறவனுக்கும் உறையிலிருந்து உருவுகிறவனுக்கும் உடையாத, சிக்காத குறி வேண்டும் என்பதால் அவ்வாறு செய்தார்கள். அது சரியான காரணமே. ஆனால் குண்டு வேறிடத்தில் பட்டால் என்ன செய்வது? முன்குறியை அரத்தால் தேய்ப்பார்கள். பக்கவாட்டில் பிசகினால் தகட்டைச் சற்று வளைப்பார்கள். அல்லது குழலையே மயிரிழை திருகுவார்கள். நிலையான குறியுள்ள ரிவால்வர்களில் முன்குறியைச் சற்று உயரமாகவே விட்டுவைக்கும் வழக்கமும் இதனாலேயே வந்தது. தாழ அடிக்கும் துப்பாக்கியைத் தேய்த்து மேலேற்றலாம். மேலே அடிப்பதைத் தேய்த்துக் கீழிறக்க முடியாது. இந்த ஒரு வரியை நான் அந்த இரவுக்கு முன் படித்திருக்கக் கூடாதா!

கைத்துப்பாக்கிக்கு இத்தொல்லை ஏன் மிகுதி என்பதற்கு மேற்சொன்ன கணக்கே சான்று. ஐந்தரை அங்குலக் குழலுள்ள ரிவால்வரில் குறிகளின் இடைவெளி ஏறத்தாழ 165 மி.மீ.தான். இலக்கு 25 மீட்டரில் இருந்தால், முன்குறியில் ஒரு மி.மீ. மாற்றம் குண்டை 15 சென்டிமீட்டர் நகர்த்திவிடும். எங்கள் கடையில் 9 மில்லிமீட்டராக இருந்த பிழை அங்கே ஒரு சாணுக்கு அருகில் போகிறது.

கனத்த குண்டு மேலே போவது ஏன்?

இனி வருவது எனக்குப் பெருவியப்பளித்த செய்தி. ஒரே ரிவால்வரில் இலேசான குண்டையும் கனத்த குண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டால், அருகிலுள்ள இலக்கில் கனத்த குண்டுதான் மேலே படும். கனமானது கீழே விழும் என்றன்றோ நாம் எண்ணுவோம்?

காரணம் நியூட்டனின் மூன்றாம் விதி. குண்டு முன்னே செல்லும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அந்த உதை குழலின் கோட்டில் நிகழ்கிறது. பிடித்திருக்கும் கையோ அதற்குக் கீழே இருக்கிறது. ஆகவே துப்பாக்கி நேராகப் பின்வாங்காமல், கையை அச்சாகக் கொண்டு மேல்நோக்கிச் சுழலத் தொடங்குகிறது. குண்டு குழலைக் கடக்க ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி ஆகிறது. அதற்குள்ளேயே நுனி சிறிது உயர்ந்துவிடும். கனத்த குண்டு மெதுவாகச் செல்வது. குழலுக்குள் அதிக நேரம் தங்குவது. உதையும் அதற்கு மிகுதி. எனவே அது வெளியேறும் கணத்தில் நுனி கூடுதலாக உயர்ந்திருக்கும். ரிவால்வர்களில் முன்குறி பின்குறியைவிட நெட்டையாக நிற்பதும் இதற்காகவே. சுடுமுன் குழல் சற்றுக் கீழ்நோக்கி இருந்தால்தான், உதையில் உயர்ந்து சரியான இடத்துக்கு வரும்.

ஆக, .45 கோல்ட் ரிவால்வரில் 16 கிராம் குண்டுக்குப் பொருந்தத் தேய்த்த முன்குறி, 13 கிராம் குண்டுக்குப் பொருந்தாது. இன்னொருவர் கைப்பிடி இறுக்கத்துக்கும் அது பொருந்தாமல் போகலாம். நிலையான குறி என்பது ஒரு குண்டுக்கும் ஒரு கைக்கும் எழுதிக்கொடுத்த சாசனம்.

கழற்றி மாட்டும் குறி

இதற்கு முதல் மருந்தாக வந்தது நகரும் பின்குறி. ரூகர் நிறுவனம் 1955-இல் வெளியிட்ட பிளாக்ஹாக் என்னும் ஒற்றைச் செயல் ரிவால்வரில், பின்குறியைத் திருகால் ஏற்றி இறக்கலாம், பக்கவாட்டிலும் நகர்த்தலாம். ஆனால் திருகுக்கும் ஓர் எல்லை உண்டு. வேட்டைக்குரிய மிகக் கனத்த தோட்டாவுக்கும், பயிற்சிக்குரிய மென்மையான தோட்டாவுக்கும் இடையேயுள்ள வேற்றுமை சில வேளை அந்த எல்லையைத் தாண்டிவிடும். பின்குறியை அளவு மீறித் தூக்கினால் அது தளர்ந்து நிற்கும் என்பதும் ஒரு குறை.

இரண்டாம் மருந்து, முன்குறியையே மாற்றத்தக்கதாகச் செய்வது. குழலின் மேல் ஓர் அடிமேடை நிலையாக இருக்கும். குறித்தகடு மட்டும் தனியே வரும். அதை நிறுத்தும் முறைகள் பல. புறாவால் காடியில் செருகலாம். குறுக்கே ஆணி அடிக்கலாம். சிறு திருகால் பிணைக்கலாம். ரூகரின் சூப்பர் பிளாக்ஹாக் ஹண்டர் வகையில் அடிமேடைக்குள் ஒரு வில்லும் முளையும் உண்டு. முளையை அழுத்தினால் தகடு கழன்றுவிடும். வேறொன்றைச் செருகி விட்டால் முளை தானே பிடித்துக்கொள்ளும். பேனாவுக்கு முள் மாற்றுவது போலத்தான். வயோமிங் மாநிலத்தில் 1983 முதல் செய்யப்படும் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் ஒற்றைச் செயல் ரிவால்வருக்கும் இவ்வாறு பல உயரங்களில் முன்குறிகள் கிடைக்கின்றன.

இது அமெரிக்கர் மட்டுமே கண்ட உபாயம் என்று எண்ணவேண்டாம். முதல் உலகப் போரின்போது, 1915-இல் வந்த வெப்லி ஆறாம் வகை ரிவால்வர், பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரிகளின் இடுப்பிலும் இருந்தது. முந்தைய வகைகளில் முன்குறி குழலோடு பிறந்தது; ஆறாம் வகையில் அது தனித் தகடாகத் திருகால் மாட்டப்பட்டது. இரட்டைச் செயல் ரிவால்வரே எனினும் நோக்கம் ஒன்றே.

உயரம் மட்டுமன்றி வடிவமும் நிறமும் மாற்றலாம் என்பது மற்றொரு நன்மை. குறி பார்க்கும்போது கண் மூன்று பொருள்களைப் பார்க்கவேண்டும்: அருகே பின்குறி, கைநீளத்தில் முன்குறி, தொலைவில் இலக்கு. மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காணும் ஆற்றல் மனிதக் கண்ணின் ஆடிக்கு இல்லை. எனவே முன்குறியைத் தெளிவாகப் பார். மற்ற இரண்டும் சற்று மங்கலாக இருக்கட்டும் என்று பயிற்றுநர் கூறுவர். வெள்ளைத் தாளிலுள்ள இலக்குக்குக் கரிய, சதுரமான, மின்னாத தகடு சிறந்தது. காட்டின் நிழலில் கருமை மறைந்துவிடும். அங்கே பித்தளைமணி பதித்ததோ, சிவந்த ஒளியிழை வைத்ததோ உதவும். நாற்பதைக் கடந்தவர்க்குக் கைநீளத்துப் பொருள் மங்கத் தொடங்கும்போது, சற்று அகன்ற தகடு கண்ணுக்குச் சுகமாகும். துப்பாக்கி ஒன்றே, கண்ணும் ஒளியும் குண்டும் மாறுகின்றன. மாறுவனவற்றுக்கு ஏற்ப மாறும் உறுப்பு ஒன்று வேண்டுமல்லவா?

ஓர் எச்சரிக்கை. ரிவால்வர் வைத்திருக்க மட்டுமன்று, தொழிலாகச் செப்பனிடவும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூல் ஆற்றலும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கே விலக்கு உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் அரத்தைத் தூக்க வேண்டாம். அரம் தூக்கியவன் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

மூன்று மூக்குகள்

பட்டறைக்காரர் எங்கள் துப்பாக்கியின் எஞ்சிய மூக்கை அடியோடு எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு காடி வெட்டினார். பழைய மூக்கின் உயரம் 9 மி.மீ.; நான் விட்டுவைத்தது 7. “எத்தனை வேணும், நீயே கணக்குப் போடு” என்றார். 10 மி.மீ. தூக்கி அடித்ததைச் சரிசெய்யப் பழைய உயரத்தைவிட ஒன்று கூடுதலாக, அதாவது 10 மி.மீ. வேண்டும் என்றேன். அவர் தலையாட்டினார். ஆனாலும் பித்தளையில் 9, 10, 11 என்று மூன்று தகடுகள் அறுத்துக் கொடுத்தார். “கணக்கு சரிதான். இருந்தாலும் சுட்டுப் பாத்துட்டு மாட்டு” என்றார். என் தந்தை சொன்ன அதே சொல்.

வீட்டுப் பின்புறம், நான்கு மீட்டரில் சோடா மூடியைத் தொங்கவிட்டு மூன்றையும் மாட்டிச் சுட்டோம். ஒன்பதில் குண்டு மூடியின் மேல் விளிம்பைத் தொட்டது. பதினொன்றில் கீழ் விளிம்பு. பத்தில் நடு. கணக்கு பொய்க்கவில்லை என்று மகிழ்ந்தேன். அப்பா மகிழ்ந்தது வேறொன்றுக்காக. மற்ற இரண்டு தகடுகளையும் ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கடைப் பெட்டியில் வைத்தார். “இனிமே தப்பா மாட்டினாலும் திரும்பக் கழட்டிக்கலாம்ல” என்றார்.

அதுதான் மாற்றத்தக்க குறியின் முழுத் தத்துவம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பிழையே நேராத கருவி எதுவும் இல்லை. நேர்ந்த பிழையைத் திருத்திக்கொள்ள வழி வைத்திருக்கும் கருவியே நல்ல கருவி. நண்பர்களே, சோதனைச் சாலையில் விடை பிசகும்போது கையில் அரம் எடுக்கும் முன், எந்தப் பக்கம் பிசகுகிறது என்று ஒருமுறை சுட்டுப் பார்ப்போம்.

இவ்வாண்டு தை மூன்றாம் நாளும் கடை போட்டோம். அப்பா பழக்கத்தில் ஓர் இளைஞரிடம், “கொஞ்சம் கீழே...” என்று தொடங்கினார். பிறகு நிறுத்திக்கொண்டு, “நேராவே புடிங்க தம்பி” என்றார். சோடா மூடி ‘டிங்’ என்று ஒலித்தது.